கடனும் உறக்கமும்

ஊரில் தாய்மாமன் சீர், இங்கே வீட்டு வாடகைக்கு முன்பணம் என்று இரு கரைக்கும் செலவு செய்யும் நம்மவர் குடும்பங்களில், கடனை நினைத்து உறக்கம் இழப்போர் பலர். ஊராருக்குத் தெரியலாகாதென்ற மானம் வேறு! தொகை தெரியாத கடனே மிகுதியும் அச்சுறுத்துகிறது. ஆதலின், யாருக்கு எவ்வளவு, வட்டி என்ன என்பதைக் கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்ந்து எழுதிவிடல் வேண்டும். ஊருக்கு அனுப்பும் பணத்தையும் அதிலேயே குறிக்க.

கிரெடிட் கார்டை எடுத்துக்கொள்வோம். பாக்கி ரூ. 50,000, மாத வட்டி நூற்றுக்கு மூன்றரை எனில், வட்டி ரூ. 1,750. வட்டியின்மேல் 18 விழுக்காடு வரி ரூ. 315. நாம் ரூ. 2,500 கட்டினால் அசலில் கழிவது ரூ. 435 மட்டுமே. கார்டைப் பெட்டியில் பூட்டிவிட்டு, அலுவலகக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வட்டி குறைவாயின் அங்கே பெற்று இதனை அடைத்தல் நலம். நகையை அடகு வைக்குமுன் அங்கே விசாரியுங்கள்.

வசூலிப்போர் மிரட்டினால் அஞ்ச வேண்டுவதில்லை. காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அவர்கள் அழைத்தலாகாதென ரிசர்வ் வங்கி 2022-இல் உத்தரவிட்டது. வங்கியிடம் முறையிட்டு 30 நாளில் விடை வராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமின்றி எழுதலாம். மனு எழுதுதல் நம் குமாஸ்தாக்களுக்குக் கைவந்த கலையன்றோ! தேதியிட்ட படியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.