பூனைமேல் ஐந்து, தரையில் தொண்ணூற்றைந்து

தீபாவளி விடுமுறைக்கு ஒரு வாரம் ஈப்போ பக்கம் போய்விட்டு, ஜொகூர் பாருவிலுள்ள தாமான் வீட்டுக்குத் திரும்புகிறது ஒரு குடும்பம். பராமரிப்பு நிலையத்தில் விட்ட பூனையை இன்னும் அழைத்து வரவில்லை. ஆனாலும் கதவைத் திறந்து கூடத்தைக் கடப்பதற்குள் கணுக்காலில் சுருக்கென்று கடி. பூனை வளர்க்கும் பல வீடுகளுக்கு இது பழக்கமான வரவேற்பு. ஆளும் பூனையும் இல்லாத வீட்டில், ரத்தத்தை மட்டுமே குடித்து வாழும் தெள்ளுப்பூச்சி எப்படிப் பிழைத்துக் கிடந்தது?

பெரும்பாலும் அது அப்போதுதான் பிறந்திருக்கும். வளர்ந்த தெள்ளுப்பூச்சி ஒட்டும் பட்டுக்கூட்டுக்குள், மேலே தூசி அப்பிக்கொள்ள, அசையாமல் காத்திருக்கும். காலடி அதிர்வு, உடல் சூடு, மூச்சில் வரும் கரியமில வாயு ஆகியவைதான் அதற்கு அழைப்பு. அழைப்பு வந்த சில நொடிகளில் கூட்டைக் கிழித்துக்கொண்டு துள்ளும். வராவிட்டால் வாரக்கணக்கில், சூழல் ஒத்துழைத்தால் மாதக்கணக்கில்கூடப் பொறுத்திருக்கும்.

தெள்ளை ஒழிக்கப் பூனையை மட்டும் குளிப்பாட்டுகிறவர்கள் தோற்றுப்போவது இதனால்தான். பூச்சியியலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கின்படி, ஒரு வீட்டின் மொத்தத் தெள்ளுக் கூட்டத்தில் விலங்கின் உடம்பில் இருப்பது சுமார் 5 விழுக்காடுதான். மீதியில் பாதிக்கு மேல் முட்டை. பிறகு புழு, கூட்டுப்புழு. பெண் தெள்ளு பூனையின் ரோமத்துக்குள்ளேயே உட்கார்ந்து நாளுக்கு 40 முட்டைவரை இடும். வழவழப்பான அந்த முட்டைகள், பூனை படுக்கும் இடத்திலெல்லாம் உப்புத்தூளாய் உதிர்கின்றன. கூடவே, பாதி செரித்த ரத்தமாகிய தாயின் எச்சமும் உதிர்கிறது. பிறக்கும் புழுவுக்கு அதுதான் உணவு. பூனையின் படுக்கையில் கிடக்கும் கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்துப் பார்க்கலாம். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம்.

ஐரோப்பாவில் குளிர்காலம் இந்தப் பூச்சியை ஓரளவு அடக்கி வைக்கிறது. ஜொகூரில் அப்படி ஒரு காலமே கிடையாது. புழு வளர ஏற்றது 25 முதல் 30 டிகிரி வெப்பமும் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதமும். இங்கே ஆண்டின் பெரும்பாலான நாட்கள் அப்படித்தான். முட்டை இரண்டு மூன்று வாரத்தில் பூச்சியாகிவிடும். ஆனால் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் புழு காய்ந்து சாகும். எனவே அறையை உலர்வாக வைப்பதும் மருந்துக்குத் துணை நிற்கும்.

புழுவுக்கு வெளிச்சம் ஆகாது. சோபா மெத்தையின் இடுக்கு, கட்டிலடி, கம்பளத்தின் அடிப்பகுதி என இறங்கி ஒளியும். அங்கே வேலை செய்யும் கருவி வேக்கும் கிளீனர். 2007இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில், வேக்குமில் உறிஞ்சப்பட்ட வளர்ந்த தெள்ளுகளில் சராசரியாக 96 விழுக்காடு செத்துப்போயின. இளம் பருவத்தவை ஒன்றுகூட மிஞ்சவில்லை. மருந்தடித்த பிறகும் தினம் வேக்கும் போடுவதில் இன்னொரு லாபம் உண்டு. அதன் அதிர்வு, கூட்டுக்குள் பதுங்கியிருப்பவற்றை வெளியே இழுத்து மருந்தின் மேல் நடக்க வைக்கும். கூடு மூடியிருக்கும்வரை எந்தத் தெளிப்பானும் சரியாக உள்ளே போவதில்லை. அதனால் மருந்தடித்து இரண்டு மூன்று வாரம் கழித்தும் புதிய தெள்ளு தென்படும். மருந்து பலிக்கவில்லை என்று பலர் கைவிடுவது சரியாக இந்தக் கட்டத்தில்தான்.

தரைக்கு வாங்கும் தெளிப்பானில் மெத்தோப்ரீன் அல்லது பைரிப்ராக்சிஃபென் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இவை முட்டையும் புழுவும் முதிராமல் தடுப்பவை. மலேசியாவில் விற்கும் பூச்சிக்கொல்லிகள் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு எண் இல்லாத புட்டியை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

பூனை வீட்டில் எதையும்விட அஞ்ச வேண்டியது பெர்மெத்ரின். நாயின் முதுகில் விடும் பல சொட்டு மருந்துகளில் இது உண்டு. நாய் தாங்கிக்கொள்ளும், பூனையின் கல்லீரலுக்கு இதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. நடுக்கமும் வலிப்பும் வந்து பூனை செத்தும் போகலாம். மருந்திட்ட நாயை உரசிப் படுத்தாலும் ஆபத்துதான். நாய்க்கு வாங்கியதில் பாதியைப் பூனைக்கு விடும் சிக்கனம் ஓர் உயிரை வாங்கிவிடும். பூனைகளுக்கென்றே ஃபிப்ரோனில், செலமெக்டின் போன்ற மருந்துகள் இருக்கின்றன. கால்நடை மருத்துவர் எடை பார்த்துத் தருவார். அதே ஃபிப்ரோனில் முயலுக்கு நஞ்சு. வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் ஒரே நேரத்தில், குறைந்தது மூன்று மாதம், தவறாமல் மருந்து கொடுத்தால்தான் சங்கிலி அறுபடும்.

இது வெறும் அரிப்புச் சங்கதி இல்லை. 1920களில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வில்லியம் பிளெட்சரும் லெஸ்லரும் மலாயாவின் டைபஸ் காய்ச்சலை இரண்டு வகையாகப் பிரித்தறிந்தார்கள். தோட்டப்புறத்தில் புதர்களிடையே வேலை செய்தவர்களைத் தாக்கியது ஒன்று. அதைப் பரப்புவது சிற்றுண்ணிப் புழு என்று பின்னர் தெளிவானது. நகரத்துக் கடைகளில் இருந்தவர்களைத் தாக்கிய மற்றொன்றை எலித் தெள்ளு பரப்பியது. பூனைத் தெள்ளும் குற்றமற்றது அல்ல. 2011இல் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மலேசிய வீட்டு நாய் பூனைகளிடம் பிடித்த தெள்ளுகளில், காய்ச்சல் தரும் ரிக்கெட்சியா பெலிஸ் கிருமியையும் பூனைக் கீறல் நோய்க்குக் காரணமான பார்ட்டோனெல்லாவையும் கண்டார்கள். உடம்பை நக்கும்போது தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழுவும் வரும். கடிகளுக்குப் பிறகு காரணம் தெரியாத காய்ச்சலோ தடிப்போ கண்டால், வீட்டில் பூனை இருப்பதையும் தெள்ளு கடித்ததையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மாசாயிலும் ஸ்கூடாயிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. கார் நிறுத்துமிடத்து நிழலில் வந்து படுக்கும் தெருப்பூனை அங்கேயும் முட்டையை உதிர்த்துவிட்டுப் போகிறது. அது படுக்கும் மூலையையும், செருப்பு அடுக்கையும், கால்மிதியையும் வாரம் ஒருமுறை சுத்தம் செய்யாமல், வீட்டுக்குள் மட்டும் மருந்தடித்துப் பயனில்லை.