தாசில்தார் கையெழுத்து இருக்கிறதா?

பாறசாலை ஸ்டேஷனில் நின்றால் வேளாண் ஆராய்ச்சிக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. வடக்கே போனால் 1955இல் தொடங்கிய வெள்ளாயணி வேளாண் கல்லூரி, ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிறுவனம், திருவனந்தபுரம் நகரத்துக்குள்ளேயே ராஜீவ் காந்தி உயிர்த் தொழில்நுட்ப மையம். தெற்கே நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலி, அதற்கும் அப்பால் கோயம்புத்தூர். இத்தனை வாசல்கள் திறந்திருந்தும், நெய்யாற்றின்கரை தாலுகாவின் எல்லை ஊர்களில் பி.எச்.டி. இடம் கைக்கு எட்டி நழுவிப்போவது நிற்கவில்லை. மதிப்பெண்ணில் எந்தக் குறையும் இருக்காது. ஒரு தாளைத் தப்பான ஆபீசில் வாங்கியிருப்பார்கள்.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவி ஒருவர் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஏஆர்) நடத்தும் முனைவர் பட்டச் சேர்க்கைக்கோ, சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்கோ விண்ணப்பிக்கிறார். வசதியானவர் பிரிவில் இல்லை என்பதற்கான நான்-கிரீமி லேயர் சான்று கேட்கிறார்கள். அக்ஷயா இ-சேவை சென்டரில் இருப்பவர், "வில்லேஜ் ஆபீஸ் சர்ட்டிபிகேட் மதி" (போதும்) என்று சொல்லி விண்ணப்பத்தைத் தட்டிவிடுகிறார். கேரளத்தில் மாநில அரசுத் தேவைக்கான சான்றைத்தான் வில்லேஜ் ஆபீசர் தருவார். மத்திய அரசின் கல்வி, வேலைக்கான சான்றைத் தாசில்தார் தர வேண்டும். அதன் படிவமும் வேறு. தேர்வெழுதும்போது இதை யாரும் பார்ப்பதில்லை. ரேங்க் வந்து, சான்றுகளைச் சரிபார்க்கும் நாளில்தான் குட்டு உடைகிறது. அன்று நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீசுக்கு ஓடினால், கவுண்டரில் இருப்பவர் அடுத்த வாரம் வரச் சொல்வார். இடம் அடுத்த வாரம் வரை காத்திருக்காது.

ஆகவே விண்ணப்பம் போடும்போதே அக்ஷயாவில் 'சென்ட்ரல்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சாதிப் பெயரின் எழுத்துக்கூட்டு மத்தியப் பட்டியலில் இருப்பதுபோலவே சான்றிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடப்பு நிதியாண்டில் வாங்கிய சான்றாகவும் இருக்க வேண்டும். போன வருஷத்துச் சான்றை நீட்டி ஏமாந்தவர்கள் குறைவில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு. கிரீமி லேயர் கணக்கில் பெற்றோரின் சம்பளத்தையும், விவசாய நிலத்து வருமானத்தையும் இன்று 8 லட்ச ரூபாயாக உள்ள வரம்புக்குச் சேர்த்துக் கணக்கிடக்கூடாது என்று 1993 செப்டம்பர் 8ஆம் தேதியிட்ட மத்திய அரசின் குறிப்பாணையே சொல்கிறது. பெற்றோரின் பதவி, நிலத்தின் அளவு ஆகியவற்றைப் பார்ப்பதற்குத் தனி விதி இருக்கிறது. இருந்தாலும் ரப்பர் விற்ற பணத்தையும் தகப்பனாரின் சம்பளச் சீட்டையும் ஒன்றாகக் கூட்டி, வரம்பு தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்பும் குமாஸ்தாக்கள் இன்னமும் இருக்கிறார்கள். அந்தக் குறிப்பாணையின் நகலை இணைத்தே விண்ணப்பிப்பது நல்லது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். கேரள சேவை உரிமைச் சட்டத்தின்படி மேல்முறையீடு செய்யலாம். அதற்கு விண்ணப்ப எண் போட்ட ரசீது கையில் இருந்தாக வேண்டும்.

1956 நவம்பர் 1இல் விளவங்கோடு இன்றைய தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது, குடும்பங்கள் மட்டும் இரண்டு பக்கமும் சிதறிக் கிடந்தன. அதனால் களியக்காவிளைப் பக்கம் ஒன்று, பாறசாலைப் பக்கம் ஒன்று என்று இரண்டு இருப்பிடச் சான்றுகளை 'எதற்கும் இருக்கட்டும்' என்று எடுத்து வைப்பவர்கள் உண்டு. இது பெரிய ஆபத்து. ஒரு மாநிலத்தின் இடஒதுக்கீடு அந்த மாநிலத்தவருக்கே; மறுபக்கத்தில் பொதுப்போட்டிதான். இரண்டு மாநிலத்திலும் உள்ளூர்க்காரராகக் காட்டியது வெளிப்பட்டால் சேர்க்கை ரத்தாவதோடு வழக்கும் வரும். ஒரு பக்கத்தை முடிவு செய்துகொண்டு அதிலேயே நிற்க வேண்டும்.

அடுத்தது போலிகள். 'கேரளா, கிஷநட்டம், செயின்ட் ஜான்ஸ் யுனிவர்சிட்டி' என்ற பெயர் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலில் ஆண்டுக்கணக்காக இருக்கிறது. பட்டம் தரும் உரிமை யாருக்கு என்று 1956ஆம் ஆண்டின் யுஜிசி சட்டம் 22ஆம் பிரிவில் சொல்கிறது. மீறியவருக்கு அந்தச் சட்டம் விதிக்கும் அபராதம் ஆயிரம் ரூபாய் வரை! ஒரு மாதத் தேநீர்ச் செலவைக் கட்டிவிட்டுப் பட்டம் விற்கலாம் என்றால் யார்தான் விற்கமாட்டார்கள்? தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ பி.எச்.டி. செய்ய 2022 நவம்பரில் வந்த யுஜிசி விதிகள் அனுமதிக்கவில்லை. யாராவது அப்படித் தருவதாகச் சொன்னால் பணத்தை எடுக்கவே வேண்டாம்.

உண்மையான பல்கலைக்கழகமாக இருந்தாலும் வழிகாட்டியின் பெயர் அதன் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதே 2022 விதிகளின்படி பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் வழிநடத்தலாம். ஓய்வுபெற மூன்றாண்டு கூட இல்லாதவர் புதிதாக மாணவரைச் சேர்க்கக்கூடாது. வேளாண் பல்கலைக்கழகங்களுக்கு ஐசிஏஆர் வகுத்த பாடத்திட்ட விதிகளும் இருப்பதால், இரண்டையும் படித்துக்கொள்ள வேண்டும். கலை அறிவியல் கல்லூரியில் எம்.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்தவர்கள், தாவர உயிர்த் தொழில்நுட்பத் துறை தம் பட்டத்தை ஏற்குமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். வாய்வார்த்தையை நம்பிப் பயனில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் செடி பறிக்கப்போகும் மாணவர்கள் காணிப் பழங்குடி மக்களின் கதையைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1987இல் அகத்திய மலைப் பகுதியில் ஆய்வுக்கு வந்தவர்களுக்கு ஆரோக்கியப்பச்சைச் செடியைக் காட்டித் தந்தவர்கள் அவர்கள்தான். அதிலிருந்து பாலோடு தாவரவியல் பூங்கா உருவாக்கிய 'ஜீவனி' மருந்தின் உரிமத் தொகையில் ஒரு பங்கு அவர்களுக்கு ஒதுக்கப்பட்டு, அதற்கென ஓர் அறக்கட்டளையும் 1997இல் உருவானது. இன்று காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதோ காப்புரிமை கோருவதோ என்றால் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முதலில் கேட்க வேண்டும். ஆய்வேடு முடிந்தபின் அனுமதி தேடுவது தலைவலி.

சேர்ந்த பிறகு வரும் தொல்லைகள் வேறு வகை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக்கூடாது என்று யுஜிசி 2018லேயே அறிவித்துவிட்டது. சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளர் (ஜேஆர்எஃப்) உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், முதுநிலை ஆய்வாளர் (எஸ்ஆர்எஃப்) ஆனால் 42,000. அதை நிறுத்தி வைத்தாலோ, வழிகாட்டி இழுத்தடித்தாலோ, முதல் புகார் நிறுவனத்தின் மாணவர் குறைதீர்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். 2023 ஏப்ரல் விதிகள் அதற்கு 15 வேலைநாள் கெடு வைக்கின்றன. முடிவு பிடிக்கவில்லை என்றால் அது கிடைத்த 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாக 240 நாள் வரை உண்டு. கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை.

வாட்ஸ்அப்பில் புலம்புவது புகாராகாது. எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்க வேண்டும். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கோப்பு யார் மேஜையில் இருக்கிறது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். விண்ணப்பம் போட இன்னும் சில மாதம் இருக்கிறது என்பவர்கள் இந்த வாரமே பழைய சான்றை எடுத்துக் கீழே பார்க்கட்டும். வில்லேஜ் ஆபீசர் முத்திரைதான் இருக்கிறது என்றால் உடனே கிளம்ப வேண்டும்; நெய்யாற்றின்கரை தாலுகா ஆபீஸ் ஞாயிறும் இரண்டாம் சனியும் திறந்திருக்காது.