சொம்பைக் கீழே வையுங்கள்!

ஆசையோடு வைத்த பத்து மணிப் பூச்செடி அழுகிவிட்டதா? குற்றம் செடியின் மீதல்ல, சகோதரி. உங்கள் சொம்பின் மீதுதான்!

தென் அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி, நம் பருப்புக் கீரைக்கு உறவு. தண்டிலும் இலையிலும் தண்ணீரைச் சேமித்துக் கொள்ளும். அடியில் துளையுள்ள தொட்டி, மணல் தாராளமாகக் கலந்த மண், நல்ல வெயில் - இவை போதும். மண் காய்ந்த பிறகே தண்ணீர். நாலு அங்குலத் தண்டைக் கிள்ளி ஊன்றினால், வேர் பிடித்துத் தரையெல்லாம் படரும்.

மூட்டமான நாளில் பூ சரியாக விரியாது. உடனே சொம்பைத் தூக்காதீர்கள்! ஜவ்வாது மலையிலே, காவலூர் வானாய்வுக் கூடத்தில் 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கிகூட மேகம் கலையும் வரை காத்துத்தான் இருக்கிறது. நாமும் காத்திருந்தால் என்ன?