உருளைக்கிடையே உருமாறும் உலோகம்

மட்டக்களப்பிலிருந்து கரையோரமாய் வடக்கே சென்று, திருகோணமலையையும் கடந்தால் புல்மோட்டையை அடைவோம். அங்கே கடற்கரை மணல் கருமை படர்ந்து கிடக்கும். அக்கருமைக்குக் காரணம் இல்மனைற்று என்னும் தாதுப்பொருள். தைத்தேனியம் என்னும் உலோகம் அதனுள்ளேதான் அடங்கியிருக்கின்றது.

ஒரு கன சென்ரிமீற்றர் உருக்கு ஏறத்தாழ 7.8 கிராம் நிறுக்கும், தைத்தேனியமோ 4.5 கிராம் மட்டுமே. அதனுடன் நூற்றுக்கு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் சேர்ந்த கலப்புலோகம், ஆகாய விமானங்களுக்கும் செயற்கை இடுப்பு மூட்டுகளுக்கும் பயன்படுகின்றது.

இவ்வுலோகம் குளிர்ந்த நிலையில் எளிதில் வளைந்து கொடாது. அதனாலேயே அதனைச் சூடாக்கி, உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்குகின்றனர். தூய தைத்தேனியத்தின் அணுக்கள் 882 பாகை செல்சியசில் தம் அடுக்குமுறையையே மாற்றிக்கொள்கின்றன. மேற்கூறிய கலப்புலோகத்தில் இம்மாற்றம் ஏறக்குறைய 995 பாகையில் முற்றுப்பெறும்.

இவ்வெல்லைக்கு மேலே சூடேறி மெல்ல ஆறிய உலோகத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கினால், மெல்லிய ஏடுகளை அடுக்கி வைத்தாற்போன்ற அமைப்புத் தோன்றும். எல்லைக்குச் சற்றுக் கீழே வைத்து உருட்டினாலோ, அவ்வேடுகள் வளைந்து முறிந்து, பின்னர் சூட்டிலே உருண்டை மணிகளாகத் திரள்கின்றன. மணியமைப்பு நன்கு நீண்டு கொடுக்கும். வெடிப்பு எளிதில் தோன்ற விடாது. ஏட்டமைப்போ, தோன்றிவிட்ட வெடிப்பை விரைந்து பரவ விடாது. எது வேண்டும் என்பதைச் செய்யப்படும் பொருளே தீர்மானிக்கும்.

இன்னொன்றும் உண்டு. நம் ஊர்ப் பன்பாயின் புல்லை நெடுக்காய்க் கிழிப்பது எளிது. குறுக்காய் அறுப்பது அரிது. ஒரே திசையில் உருட்டிய தகட்டிலும் பளிங்குகள் ஒழுங்குபட்டு நின்று, நெடுக்கிலும் குறுக்கிலும் வேறுவேறு வலிமை காட்டும். ஆதலின் தேவையறிந்து திசை மாற்றியும் உருட்டுவர்.

ஆகவே, சேர்மானம் ஒன்றேயாயினும் சூடும் உருட்டும் மாறினால் உலோகத்தின் குணமும் மாறிவிடும். உலோகத்தின் மதிப்பில் பெரும்பங்கு இவ்வறிவினாலேயே உண்டாவது.

கேரளத்துச் சவறாவிலும் இத்தகைய கருமணல் உண்டு. அங்கே தைத்தேனியம் உலோகமாகவே பிரித்தெடுக்கப்படுகின்றது. ஐதராபாத்தில் 1973-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மிதானி நிறுவனம் தைத்தேனியக் கலப்புலோகங்களை ஆக்குகின்றது. புல்மோட்டை மணலுக்கென இலங்கையில் 1957-ஆம் ஆண்டிலேயே கூட்டுத்தாபனம் தோன்றியது. எனினும் நம் மணல் பெரும்பாலும் மணலாகவே கப்பலேறுகின்றது. மணல் நம்மிடம் இருக்கின்றது. அதனை உலோகமாக்கும் கல்வியை நம் மாணவர் தேடிக்கொள்ள வேண்டும்.