பத்து மில்லிமீட்டர் பஞ்சாயத்து

காரை இறக்குகிறார்கள்; பிறகு கொஞ்சம் ஏற்றுகிறார்கள். அழகுக்கும் வேகத்தடைக்கும் நடுவே சமரசம் பேச வருகிறது லேத்தில் கடைந்த ஒரு வளையம்.

தாழ்த்தப்பட்ட காரை பெங்களூரில் கண்டுபிடிக்கக் கண்ணே வேண்டாம், காது போதும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது அடிவயிற்றிலிருந்து ‘கர்ர்’ என்று ஒரு சத்தம். ஓட்டுபவர் பல்லைக் கடித்துக்கொள்வார். விவரமானவராக இருந்தால் முன்பே நின்று, காரைக் குறுக்காகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக நோகாமல் ஏற்றி இறக்குவார். பின்னால் காத்திருக்கும் ஆட்டோக்காரர் கன்னடத்திலும் தமிழிலும் தன் கருத்தைத் தெரிவிப்பார்.

சக்கரத்துக்கும் அதன் மேல் வளைந்திருக்கும் மட்கார்டுக்கும் இடையே விரல் நுழையும் இடம்கூட இல்லாத காருக்கு ஒரு தோரணை உண்டு. வெறும் தோரணை மட்டுமல்ல. எடையின் மையம் கீழே இறங்கினால் வளைவுகளில் கார் சாய்வது குறையும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் அது லாபம். பெங்களூரின் உட்தெருக்களில் நஷ்டம். எனவே ஆசை ஆசையாக 40 மிமீ இறக்கிய காரை 10 மிமீ மட்டும் திரும்ப ஏற்ற வழி தேடுகிறார்கள் பலர். உயரத்தைத் திருகித் திருகி மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர்கள் கிடைக்கின்றன. ஆனால் விலை கையைக் கடிக்கும். குட்டை ஸ்பிரிங்குகளோ ஒரே ஒரு அளவுக்குத்தான் இறக்கும். மிச்சமிருப்பது ‘ஸ்பேசர்’ என்ற அலுமினிய வளையம்.

அது உட்காரும் இடத்தைப் புரிந்துகொள்ள ஏர்ல் மெக்பெர்சனைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்க எஞ்சினியர். ஜெனரல் மோட்டார்ஸில் சின்ன கார் ஒன்றுக்காக இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் உழைத்தார். அந்தத் திட்டம் கைவிடப்பட, போர்டு கம்பெனிக்கு மாறினார். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒரே தூணாக்கி, அதன் தலையை கார் உடம்போடும் காலைச் சக்கரத்தோடும் நேராக இணைத்தது அவர் யோசனை. 1950இல் பிரிட்டனில் வந்த போர்டு கான்சல் அதைச் சாலைக்குக் கொண்டுவந்தது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800இன் முன் சக்கரங்களுக்கு மேலும் அதே தூண்தான். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலானவற்றிலும் அதே கதை. பானெட்டைத் திறந்தால் இரு ஓரங்களிலும் வட்டமான மேடு தெரியும். அதன் நடுவே பெரிய நட் ஒன்று, சுற்றிலும் பெரும்பாலும் மூன்று சிறு நட்டுகள். அந்த மூன்றும்தான் தூணின் தலையைப் பிடித்திருக்கின்றன. தலைக்கும் மேட்டுக்கும் நடுவே 10 மிமீ தடிமனில் ஒரு வளையத்தைச் செருகினால் கார் ஏறக்குறைய அதே 10 மிமீ உயரும்.

இந்த அற்ப உயரத்துக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். இந்திய சாலை காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செமீ உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்ட, நீளமான, சாதுவான முதுகு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 2.4 மீட்டர் இடைவெளி உள்ள கார் அதன் உச்சியில் நிற்கும்போது, இரு சக்கரங்களுமே மேட்டின் மேல்தான் இருக்கும். நடுவில் மேடு துருத்துவது சுமார் 4 செமீதான். தாழ்த்திய காரும் ராஜபாட்டையாகப் போகலாம்.

சங்கடம் என்னவென்றால், தெருவாசிகள் சிமெண்டும் ஜல்லியும் கொட்டி எழுப்பும் மேடுகள் எந்தக் காங்கிரஸையும் கேட்டுக் கட்டப்படுவதில்லை. ஒரு மீட்டர் அகலம், 12 செமீ உயரம் என்று ஒரு மேடு இருந்தால், முன் சக்கரம் தாண்டி இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறியிருக்காது. முழு 12 செமீயும் வயிற்றுக்கு நேரே. கம்பெனியிலிருந்து 165 மிமீ தரை இடைவெளியோடு வந்த கார் 40 மிமீ இறங்கிய பிறகு 125இல் நிற்கிறது. மிச்சம் 5 மிமீ; ஒரு குலுங்கலில் காலி. பத்து மிமீ வளையம் போட்டால் 15 மிமீ கிடைக்கும். ஓட்டுபவர் மட்டும் இருந்தால் தப்பிக்கலாம். நாலு பேர் உட்கார்ந்தால் கார் மேலும் அமுங்கும், வளையமும் காப்பாற்றாது. நண்பர்களை இறக்கி நடக்கவிட்டு வேகத்தடை தாண்டியதும் ஏற்றிக்கொள்வது இதனால்தான்.

வளையத்தைச் செய்து வாங்க பெங்களூரைப் போல வசதியான ஊர் குறைவு. 1953இல் எச்எம்டி இங்கே இயந்திரத் தொழிற்சாலை தொடங்கிய நாளிலிருந்து லேத்தும் மில்லிங்கும் இந்த ஊரின் கைப்பழக்கம். 1970களில் உருவான பீன்யா தொழிற்பேட்டையில் தெருவுக்குத் தெரு கடைசல் பட்டறைகள். கார் சாமான்களுக்கு ஜே.சி. சாலை, பழைய பாகங்களுக்கு சிவாஜிநகர் குஜ்ரி. ஆயிரக்கணக்கில் ஒரே உருப்படியைக் கடைந்து தள்ளும் பட்டறைக்கு இரண்டே வளையம் என்பது தொந்தரவுதான். ஆனாலும் வரைபடம் சரியாக இருந்தால் வேலை நடக்கும்.

வரைபடத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். முதலில் உயரத்தை அளக்க வேண்டும். தரையிலிருந்து மட்கார்டு வரை அளப்பது வீண். டயரில் காற்று குறைந்தால் அளவும் மாறும். சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளப்பதே சரி. சமதளத்தில் நிறுத்தி, சற்று முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலைகளிலும் அளந்தால் இடதும் வலதும் சில மிமீ வித்தியாசப்படுவது தெரியும். பாட்டரி ஒரு பக்கம், ஓட்டுபவர் ஒரு பக்கம். புது ஸ்பிரிங் என்றால் சில வாரம் ஓடி அமுங்கிய பிறகே அளக்க வேண்டும்.

பிறகு தூணின் தலையில் ஓர் அட்டையை வைத்து அழுத்தி அச்சு எடுப்பார்கள். மூன்று போல்டுகளும் சம கோணத்தில் இருக்கும் என்று நம்பி டர்னரிடம் சொல்லிவிட்டு, வளையம் பொருந்தாமல் விழிப்பவர்கள் உண்டு. பல கார்களில் கோணங்கள் சமமாக இருப்பதில்லை. மேட்டின் அடிப்பாகம் சில கார்களில் தட்டையாக இல்லாமல் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். வளையத்தின் விளிம்பையும் அதற்கேற்பச் சாய்த்துக் கடைய வேண்டும். லேத்தில் இரு முகமும் இணையாக வருவது முக்கியம். ஒரு பக்கம் அரை மிமீ தடித்தாலும் போல்டுகளை முறுக்கும்போது தலை கோணலாகும். நூறு மிமீ விட்டத்தில், நடுவே துளையோடு கடைந்தால் வளையம் 160 கிராம்தான் எடை. நைலானிலும் செய்கிறார்கள், மலிவு. ஆனால் இறுக்கத்தில் நாளடைவில் நசுங்கி நட் தளரக்கூடும். அலுமினியமே மேல்.

அபாயம் வளையத்தில் அல்ல, போல்டில் இருக்கிறது. கம்பெனி வைத்த போல்டின் நீளம், தகரத்தின் தடிமனுக்கும் ஒரு நட்டுக்கும் சேர்த்துக் கணக்கிட்டது. நடுவில் 10 மிமீ புகுந்தால் நட்டுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று மரைதான். காரின் முன்பாரத்தையும் ஒவ்வொரு குழியின் அடியையும் அந்த இரண்டு மரையிடம் ஒப்படைப்பது தற்கொலைக்குச் சமம். நட் முழுதாக ஏறி, அதற்கு மேலும் இரண்டு மரை வெளியே தெரிய வேண்டும். எனவே நீளமான போல்டு, அதே தரத்தில். பழையதைக் கழற்றித் தட்டி எடுக்கத் தூணைப் பிரிக்க நேரும். ஸ்பிரிங்கை அதற்குரிய அமுக்கியில் பிடிக்காமல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டாகப் பாயும். இது வீட்டு வாசலில் செய்யும் வேலை அல்ல.

தடிமனுக்கும் எல்லை உண்டு. வளையம் தூணைக் கீழே தள்ளுவதால், ஜாக்கியில் ஏற்றினால் சக்கரம் முன்னைவிட அதே அளவு கீழே தொங்கும். பிரேக் ஹோஸ் இழுபடலாம். சக்கரத்துக்குச் சக்தி தரும் அச்சின் மூட்டு அளவுக்கு மீறி மடங்கலாம். பின்பக்கம் வேறு கணக்கு. ஸ்பிரிங் தனியாக, அச்சுக்குச் சற்று முன்னால் உட்காரும் கார்களில் நெம்புகோல் தத்துவம் வேலை செய்து, 10 மிமீ வளையம் 12 மிமீக்கு மேலும் உயர்த்திவிடும்.

இத்தனைக்கும் மூல காரணம் பல கார்களில் ஸ்பிரிங்கை அறுத்ததுதான். ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் கார் இறங்கும், கூடவே ஸ்பிரிங் 20 சதவீதம் விறைப்பாகும். மேலே வளையம் வைத்து உயரத்தை மீட்கலாம், அறுத்த சுற்றை மீட்க முடியாது. அப்படிப்பட்ட காருக்கு வளையம் கடைந்து தருவது மருந்து அல்ல, பவுடர் பூச்சு. ஸ்பிரிங்கை மாற்றுவதே வழி.

சட்டம் இந்த ரசனைக்கு ஒத்துழைப்பதில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாகப் பதிவுச் சான்றிதழ் விவரங்கள் மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. உயரம் பதிவுச் சான்றிதழில் ஒரு பத்தியாகவே இல்லையே என்று வாதிடுபவர்கள் உண்டு. சாலையோரத்தில் அந்த வாதம் எடுபடுமா என்பது வேறு விஷயம். விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எடுபடுவது அதைவிடச் சிரமம், மாற்றத்தை முன்பே தெரிவிக்காதிருந்தால்.

வளையம் ஏறிய பிறகும் வேலை முடிவதில்லை. உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் நேர்க்கோடும் மாறும். அலைன்மெண்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒரு ஓரமாகத் தேயும். முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு பானெட்டைத் திறந்து, டார்க் ஸ்பேனரால் அந்த மூன்று நட்டுகளையும் இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும், இரண்டு பக்கமும்.