உங்களுக்குத் தெரியுமா? கண்ணாடிப் பிரதிபிம்பத்தின் கணக்கு

வவுனியா வடக்கின் நெடுங்கேணியிலே ஒரு கடையின் கண்ணாடிக் கதவைப் படம்பிடித்து, அதன்மீது எதிர்வீதியின் பிரதிபிம்பத்தைக் கணினியிலே சேர்க்க விழைவோருக்கு, வீதிப்படத்தை இடவலம் மாற்றி மங்கலாக ஒட்டுவதனால் மாத்திரம் யதார்த்தம் சித்தித்துவிடாது.

சமதளக் கண்ணாடிக்கு முன்னே பொருள் எத்துணைத் தூரத்தில் நிற்கிறதோ, அத்துணைத் தூரம் பின்னே அதன் பிம்பம் நிற்பதால், அண்மையிலுள்ள சைக்கிளும் அப்பாலுள்ள மரமும் வெவ்வேறு அளவிலே சுருங்கித் தோன்றுதல் வேண்டும். கதவின் விளிம்புக்குச் சமாந்தரமான வீதிக்கோடுகளும் அவற்றின் பிம்பங்களும் ஒரே மறைபுள்ளியை நோக்கியே குவியும்.

நேர்நின்று நோக்குங்கால் சாதாரண கண்ணாடியின் இரு பரப்புகளும் சேர்ந்து ஏறத்தாழ 8 சதவீத ஒளியையே திருப்புகின்றன. மிகச் சாய்ந்து நோக்குங்காலோ அது வெகுவாகப் பெருகும். இந்நியதியைப் பிரெஞ்சு விஞ்ஞானி பிரெனெல் 1823ஆம் ஆண்டளவிலே சூத்திரமாக்கினார்.

நேர்நோக்கிலே திரும்பும் ஒளி சொற்பமாதலால், உள்ளிருந்து வரும் வெளிச்சம் அதனை மறைத்துவிடும். ஆகவே, கடையின் இருண்ட மூலைகளிலே பிம்பத்தைத் தெளிவாகவும், விளக்கெரியும் இடங்களிலே மங்கலாகவும் அமைப்பதே உத்தமம்.