46 கிலோ ஒரு எடையா? மேரி கோமை நாம சரியா எடை போட்டோமா?

இந்தக் குறிப்பு ஒரு டீக்கடை வாக்குவாதத்தில் ஆரம்பித்தது. மரக்காணத்தில், ஈ.சி.ஆர். ஓரமா உப்பு லாரிகள் வந்து நிற்கிற இடம். கடை டீவியில் ஏதோ ஒரு குத்துச்சண்டை ஓடிக்கொண்டிருந்தது. கூட இருந்த சித்தி பையன் சொன்னான்: "மேரி கோமை எல்லாம் ஓவரா தூக்கி வெச்சிட்டாங்கண்ணா. 46 கிலோல எத்தினி பேர் இருக்கப் போறாங்க? அதெல்லாம் ஒரு வெயிட்டா?"

அவனோட அம்மா, அதாவது என் சித்தி, இருபது வருஷமா உப்பளத்தில் வேலை செய்கிறார். ஒருநாள் உப்பு நிறுக்கிற தராசில் விளையாட்டா ஏறி நின்றபோது முள் 46-ல் நின்றது. அதை அவனிடம் அப்போது சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குறிப்பெடுக்க ஆரம்பித்தேன்.

முதலில் அவன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். மேரி கோமுக்குப் புகழ் குறைச்சலா? இல்லை. 2009-ல் கேல் ரத்னா, 2020-ல் பத்ம விபூஷண், நடுவில் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி, 2014-ல் பிரியங்கா சோப்ரா நடித்த இந்திப் படம். இப்படி ஒருத்தரை "மதிப்பு குறைத்துப் பார்க்கப்பட்டவர்" என்று சொன்னால் சிரிப்பு வரும்.

ஆனா புகழ் வேற, மதிப்பீடு வேற. மேரி கோம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வருகிறது? மணிப்பூர் கிராமம், வறுமை, இரட்டைக் குழந்தைகள் பிறந்த பிறகும் வளையத்துக்குத் திரும்பிய அம்மா. எல்லாம் உண்மை. ஆனா அது வாழ்க்கைக் கதை. வளையத்துக்குள் அவர் எவ்வளவு பெரிய ஆள், உலகக் குத்துச்சண்டை வரிசையில் அவர் இடம் எது என்று கேட்டால், "ஒலிம்பிக்ல வெண்கலம்தானே?" என்று முடித்துவிடுகிறோம். என் கேள்வி அந்த "தானே" பற்றித்தான்.

கணக்கு

பெண்களுக்கான உலக சாம்பியன்ஷிப் முதன்முதலா நடந்தது 2001-ல், அமெரிக்காவின் ஸ்க்ரான்டனில். அதில் மேரி 48 கிலோவில் வெள்ளி. அதற்கப்புறம் தங்கங்கள்: 2002 அன்டால்யா (45 கிலோ), 2005 பொடோல்ஸ்க், 2006 டெல்லி, 2008 நிங்போ (மூன்றும் 46 கிலோ), 2010 பிரிட்ஜ்டவுன் (48), 2018 டெல்லி (48). கடைசியா 2019-ல் உலான் உடேயில், 51 கிலோவில் வெண்கலம்.

மொத்தம் 8 உலகப் பதக்கங்கள், அதில் 6 தங்கம். ஆணோ பெண்ணோ, உலக சாம்பியன்ஷிப்பில் 8 பதக்கம் எடுத்த குத்துச்சண்டைக்காரர் வேறு யாரும் இல்லை. தங்கக் கணக்கில் அவருக்குச் சமமா இருந்த ஆண் ஒரே ஒருத்தர்: கியூபாவின் ஃபெலிக்ஸ் சவோன். 1986-லிருந்து 1997 வரை அவரும் 6 தங்கம். ஆனா அவர் எடை 91 கிலோ.

இப்போது ரெண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சவோனுக்கு ஒலிம்பிக் தங்கம் மூன்று: 1992, 1996, 2000. மேரிக்கு ஒரு வெண்கலம். அப்போ சவோன் எங்கேயோ, மேரி எங்கேயோ என்றுதான் தோன்றும். இங்கேதான் எல்லோரும் தாண்டிப் போகிற ஒரு விஷயம் இருக்கிறது. சவோன் ஆடிய 91 கிலோ எடை ஒலிம்பிக்கில் இருந்தது. மேரி உலகத் தங்கம் வென்ற 45, 46, 48 கிலோ எடைகள் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் இருந்ததே இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

பட்டியல் போட்டவர் யார்?

பெண்கள் குத்துச்சண்டையை ஒலிம்பிக்கில் சேர்க்கும் முடிவு 2009-ல் வந்தது. மொத்த வீரர் எண்ணிக்கை கூடக் கூடாது என்பதால், ஆண்களிடமிருந்து ஒரு எடைப்பிரிவை எடுத்துவிட்டு, பெண்களுக்கு 36 இடம் கொடுத்தார்கள். எடைக்கு 12 பேர் வீதம் மூன்றே எடை: 51, 60, 75 கிலோ. ஆண்களுக்குப் பத்து.

இந்த மூன்றில் யாருடைய எடை விழுந்ததோ அவருக்கு அதிர்ஷ்டம். அயர்லாந்தின் கேட்டி டெய்லர் 60 கிலோ. 2006, 2008, 2010 ஆகிய மூன்று உலகப் போட்டிகளிலும் அவரும் தங்கம், மேரியும் தங்கம். அதே ஊர், அதே வளையம். 2012 லண்டனுக்குப் போகும்போது டெய்லரிடம் 4 உலகத் தங்கம், மேரியிடம் 5. டெய்லர் தன்னுடைய எடையில் ஆடித் தங்கம் வாங்கினார். மேரி தனக்கு மேலே இருந்த எடையில் ஆடி வெண்கலம் வாங்கினார்.

"ரெண்டு மூணு கிலோ வித்தியாசம், அதுக்கு இவ்ளோ பேச்சா?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 48-லிருந்து 51-க்குப் போவது 6 சதவீதத்துக்கு மேல். 2008-ல் அவர் ஆடிய 46-லிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 11 சதவீதம். அதே 11 சதவீதத்தை 91 கிலோ சவோன் மேல் ஏற்றினால் பத்து கிலோ. அதாவது "உன் எடை இந்தத் தடவை கிடையாது, 101 கிலோ ஆட்களோடு போய் ஆடு" என்று சவோனிடம் சொன்ன மாதிரி. சின்ன உடம்பில் ஒரு கிலோ என்பது பெரிய உடம்பில் ஒரு கிலோ இல்லை. தலையில் உப்புக்கூடை சுமக்கிறவர்களிடம் கேட்டால் இதை ஒரு நொடியில் சொல்லிவிடுவார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 51-ல் ஆடுகிற பலரும் சாதாரண நாட்களில் அதைவிடக் கூடுதல் எடையில் இருப்பவர்கள். போட்டிக்கு முன்னால் எடையை இறக்கி, நிறுத்து முடித்ததும் சாப்பிட்டுத் தேறி வளையத்துக்கு வருவார்கள். கீழேயிருந்து ஏறி வருகிறவருக்கு அந்த வசதி கிடையாது. அவர் எடையைக் கூட்டத்தான் பாடுபட வேண்டும். எதிரில் நிற்பவர் உயரமானவர், கை நீளமானவர். கை நீளமிருந்தால் தூரத்திலிருந்தே புள்ளி எடுக்கலாம். குள்ளமானவர் ஒவ்வொரு தடவையும் அந்தத் தூரத்தைக் கடந்து உள்ளே போய் அடித்துவிட்டு, அடி வாங்காமல் வெளியே வர வேண்டும். லண்டன் அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் 6-11 என்று தோற்றதில் இது தெரிந்தது. ஆடம்ஸ் அந்தப் போட்டியின் தங்கக்காரர், 51 கிலோவையே சொந்த எடையாகக் கொண்டவர்.

இது பெண்கள் கதை மட்டும் இல்லை. ஹரியானாவின் அமித் பங்கல் 49 கிலோவில் 2018 ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்றவர். இறுதியில் அவரிடம் தோற்றவர் ரியோ ஒலிம்பிக் சாம்பியன் துஸ்மதோவ். டோக்கியோவில் பெண்களுக்கு எடைகளை ஐந்தாக்க, ஆண்களின் எடைகளை எட்டாகக் குறைத்தார்கள். அதில் போன ஒன்று 49. அமித் 52-க்கு ஏறி 2019-ல் உலக வெள்ளியும் எடுத்தார். டோக்கியோவில் ஆடிய முதல் ஆட்டத்திலேயே தோற்றார். நாம் அவரைத் திட்டினோம்.

ஆனாலும் ஒரு எதிர்வாதம்

தம்பியின் கேள்விக்கு வருகிறேன்: 46 கிலோவில் போட்டி பலவீனமா? ஓரளவு உண்மை. 2000-களில் பெண்கள் குத்துச்சண்டை சின்ன உலகம். நடு எடைகளைவிட ஓர எடைகளில் ஆட்கள் குறைவாக இருப்பது இயல்பும்தான். 2006, 2008, 2010 மூன்று இறுதிகளிலும் மேரியிடம் தோற்றவர் ஒரே ஆள்: ருமேனியாவின் ஸ்டெலூட்சா டூட்சா. "அதே ஆளைத்தானே திரும்பத் திரும்ப அடிச்சார்" என்று இதைச் சொல்லலாம். அல்லது, நாலு வருஷம் உலகத்தில் இரண்டாவது இடத்தை விடாத ஒருத்தரால் முதல் இடத்தைத் தொட முடியவில்லை என்றும் சொல்லலாம்.

எனக்கு இதைவிட உறுதியான சான்று, அவர் சொந்த எடையை விட்டு ஏறின பிறகு நடந்தது. பலவீனமான போட்டியில் வளர்ந்தவர் என்றால் 51-ல் ஒன்றுமில்லாமல் போயிருக்க வேண்டும். ஒலிம்பிக் வெண்கலம், 2014 இன்ச்சான் ஆசிய விளையாட்டில் தங்கம், 2019-ல் உலக வெண்கலம் எல்லாமே 51-ல் வந்தவை. தோல்விகளும் உண்டு: 2016 ரியோவுக்குத் தகுதி பெறவில்லை, டோக்கியோவில் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் 2-3 என்று தோற்றார், அப்போது வயது 38. நடுவில் 2018-ல் மறுபடி 48 கிடைத்ததும், உக்ரைனின் ஹன்னா ஒஹோட்டாவை 5-0 என்று வென்று தங்கம். தன் எடையில் விட்டால் என்ன செய்வார் என்பதற்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேணும்?

உலகம் முழுக்க இதே கதைதான்

தொழில்முறைக் குத்துச்சண்டையில் மெக்சிகோவின் ரிகார்டோ லோபஸ் என்று ஒருத்தர் இருந்தார். 105 பவுண்டு, அதாவது 47.6 கிலோ. ஏறக்குறைய மேரியின் எடை. 51 வெற்றி, 1 சமன், தோல்வியே இல்லை. விவரம் தெரிந்தவர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆனா அவர் ஆடியதெல்லாம் பெரும்பாலும் பெரிய எடைக்காரர்களின் ஆட்டத்துக்கு முன்னாட்டமாக. பணமும் கேமராவும் கனத்த உடம்புப் பக்கம்தான். ஒரே அடியில் ஆள் விழுவதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது.

இதைச் சரிசெய்யத்தான் "பவுண்ட் ஃபார் பவுண்ட்" என்ற பேச்சு வந்தது. எடை வித்தியாசத்தை மனசிலிருந்து எடுத்துவிட்டு, திறமையை மட்டும் பார்த்தால் யார் பெரிய ஆள் என்ற கேள்வி. சின்ன எடைக்காரர்களுக்கு அந்தப் பட்டியலில் முதலிடம் கிடைக்க ரொம்ப நாள் ஆனது. 2015-ல் நிகரகுவாவின் ரோமன் கொன்சாலஸ், 2022-ல் ஜப்பானின் நவோயா இனோவே ரிங் பத்திரிகைப் பட்டியலில் முதலிடம் பிடித்தார்கள்.

நம்ம ஊரிலும் பாருங்கள். சார்பட்டா பரம்பரை வந்த பிறகு வடசென்னைக் குத்துச்சண்டை பற்றி வாய் ஓயாமல் பேசினோம். 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் பான்டம் எடையில் வெண்கலம் வாங்கிய தேவராஜனின் பெயரை அந்தப் பேச்சில் எத்தனை பேர் எடுத்தோம்?

என் முடிவு இதுதான். மேரி கோமின் கதைக்குக் கிடைக்க வேண்டிய புகழ் கிடைத்துவிட்டது. அவருடைய ஆட்டத்துக்குக் கிடைக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. சவோன், கேட்டி டெய்லர் பெயர்கள் வரும் வரியில் அவர் பெயரும் வர வேண்டும். வராததற்குக் காரணம் அவர் கை இல்லை, யாரோ போட்ட எடைப்பட்டியல்.

போன வாரம் தம்பியிடம் இந்த 11 சதவீதக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரிண்ணா, ஆனா ஒலிம்பிக் ஒலிம்பிக்தான்" என்றான். விட்டுக்கொடுக்க மாட்டான். பக்கத்தில் சும்மாட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்த சித்தி கேட்டார்: "அந்தப் பொண்ணு எவ்ளோ வெயிட்டு?"

46 என்றேன்.

"அட, என் வெயிட்டு" என்று சொல்லிவிட்டு அளத்துக்குக் கிளம்பினார். தம்பி ஒன்றும் பேசவில்லை.